பழைய அடுப்பங்கரையைப் பிரித்து வெளிச்சமாகக் கட்டுவது: சென்னை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நங்கநல்லூரில் எங்கள் அம்மா வீட்டுச் சமையலறை 1987-ல் கட்டியது. எட்டடிக்கு ஏழடி. கடப்பாக் கல் மேடை, அதற்கு மேல் இரண்டடிக்கு மட்டும் வெள்ளை டைல், மூன்று பக்கமும் பரண், ஜன்னலுக்குப் பதில் சிமென்ட் ஜாலி. நடுப்பகலிலும் டியூப்லைட் போட்டால்தான் உளுந்தில் கல் தெரியும். போன வருஷம் அதைப் பிரித்து, வெளிச்சமான மாடுலர் கிச்சனாக (கேபினெட்டைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து மாட்டும் வகை) மாற்றினோம்.

இது எனக்கு இரண்டாவது அனுபவம். ஆறு வருஷத்துக்கு முன் என் ஃபிளாட்டில் ஒரு நிறுவனத்தை நம்பி மாடுலர் போட்டேன். பளபளவென்று சிவப்புக் கதவு, அழகான ட்ராயர். இரண்டாவது ஐப்பசி மழைக்குள் சிங்க்குக்கு அடியில் இருந்த பலகை அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. கேட்டால், "தண்ணீர் பட்டா வாரண்டி கிடையாது மேடம்" என்றார்கள். சமையலறையில் தண்ணீர் படாமல் வேறு எங்கே படும்? அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன்: அடுத்த முறை முதல் பணம் குழாய்க்கும் வயருக்கும் சிங்க்கின் அடிப்பகுதிக்கும், மிச்சம் இருந்தால் கதவுக்கு. கீழே சொல்வது எல்லாம் அந்த வரிசையில்தான்.

பிரிப்பதற்கு முன்: வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டிசைன் படங்கள் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாத்திரங்களையும் ஹாலில் இறக்கிப் பரப்புங்கள். எங்கள் வீட்டில் பதினோரு இட்லித் தட்டு கிடைத்தது, இட்லிப் பானை ஒன்றுதான். மூன்று குவியல் போடுங்கள்: தினமும் எடுப்பது, பண்டிகைக்கு எடுப்பது, ஒரு வருஷமாகத் தொடாதது. மூன்றாவது குவியலுக்காக அலமாரி கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் பழைய சாமான் கடைக்குப் போகட்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் நம் பரணில் கிடந்தது போன்ற பித்தளைச் சாமானுக்கு என்ன மரியாதை என்று தெரியும், அதற்கப்புறம் எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்கலாம்.

முதல் குவியலை அளந்து எழுதுங்கள். பெரிய குக்கர் என்ன உயரம், 25 கிலோ அரிசிச் சிப்பம் எங்கே நிற்கும், எண்ணெய் டின், ஊறுகாய் ஜாடி, அஞ்சறைப் பெட்டி. ட்ராயரின் உள்ளுயரத்தை நிர்ணயிப்பது இவைதான். கேட்லாக்கில் இருக்கும் ட்ராயர் தட்டுக்கும் கோப்பைக்கும் அளவெடுத்தது. நம் வீட்டு எவர்சில்வர் சம்படம் அதில் தலை நிமிராது.

அப்புறம் வெளிச்சம். காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று நேரம் விளக்கை அணைத்துவிட்டு ஃபோனில் படம் எடுங்கள். எந்தச் சுவர் வழியாக வெளிச்சம் வருகிறது, எது அதை மறிக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கு மறித்தது ஜாலிக்கு மேல் தொங்கிய பரண்.

ஃபிளாட் என்றால் அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எந்த நேரத்தில் இடிக்கலாம், லிஃப்ட்டில் சிமென்ட் மூட்டை ஏற்றலாமா, கல்மண் எங்கே கொட்டுவது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் கீழ்வீட்டு மாமாவோடு சண்டை வராது.

எந்த மாதம்?

தை பிறந்ததும் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடிப்பதுதான் சென்னைக்கு வசதி. வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பூச்சு காயாது. பலகை ஈரம் குடிக்கும். கத்திரி வெயிலில் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும், நாளுக்கு நாலு தடவை தண்ணீர் அடிக்க வேண்டும். தீபாவளி, பொங்கலை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். "நாலு நாள்ல வந்துடறேங்க" என்றால் பத்து நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டடிச் சமையலறைக்கு மொத்தம் ஏழெட்டு வாரம் ஆகும். இடிக்க மூன்று நாள், குழாயும் வயரும் ஒரு வாரம், பூசி ஆற வைக்க ஒரு வாரம், டைலும் கல்லும் ஒரு வாரம், கேபினெட் தொழிற்சாலையில் செய்து வர மூன்று நாலு வாரம், மாட்ட நாலு நாள். அதுவரை ஹாலில் ஒரு மேஜை, ஒரு இண்டக்ஷன் அடுப்பு, இரண்டு பக்கெட். வயதானவர்கள் இருந்தால் இடிக்கும் வாரம் மட்டுமாவது உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தூசி மூக்கை விட்டு இறங்க மாதமாகும்.

மேடை உயரமும் கிரைண்டரும்

பழைய வீடுகளில் மேடை 30 அங்குலத்தில் இருக்கும். மேலே அடுப்பு வைத்தால் பர்னர் இன்னும் ஐந்தாறு அங்குலம் ஏறும் என்பதால் அப்படிக் கட்டினார்கள். இப்போது கல்லில் பதிக்கும் ஹாப் போட்டுவிட்டு மேடையை அதே 30-ல் விட்டால் நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். மாறாக, மேடையை 34 அங்குலத்துக்கு ஏற்றி, அதன் மேல் சாதா அடுப்பையும் வைத்தால், ஐந்தடி உயரப் பெண்ணுக்குப் பொங்கல் பானையின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கட்டும். அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை வர வேண்டும். அம்மாவுக்கு அது 33 அங்குலம். ஆனால் அவர் அடுப்பை மாற்ற மாட்டேன் என்றார். "பால் பொங்கினா கண்ணாடிக்குள்ள போயிடும்டி, யார் கழட்டித் துடைக்கிறது?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனவே மேடை 33, அடுப்பு நிற்கும் மூன்றடி மட்டும் 29. ஒரு படி இறங்கி நிற்கும் மேடை பார்க்க விசித்திரமாக இருக்கிறது என்று டிசைனர் சொன்னார். சமைக்கிறவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

மேடையின் அகலம் 24 அங்குலம். மேல் கேபினெட்டின் ஆழம் 12 முதல் 14 அங்குலம், அதற்கும் மேடைக்கும் நடுவே குறைந்தது 20 அங்குலம். இதில் கை வைக்காதீர்கள். மேல் கேபினெட் ஆழம் கூடினால் நெற்றி இடிக்கும்.

சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றும் முக்கோணமாக அமைய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் வீட்டில் நாலாவதாக ஒருவர் இருக்கிறார்: கிரைண்டர். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரைக் கேபினெட்டுக்குள் தள்ளிவைத்து, தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தட்டு போட்டுக் காட்டுவார்கள். ஷோரூமில் நன்றாக இருக்கும். மாவு ஆட்டும் வீட்டில் அது வேலைக்கு ஆகாது: கல்லோடு சேர்த்து எடை அதிகம், ஓடும்போது தட்டு அதிரும், கழுவின தண்ணீர் தட்டு ஓடும் தண்டவாளமான சேனலில் இறங்கும். சிங்க்கின் பக்கத்திலேயே மேடை மேல் இரண்டடி இடம் அதற்கென்று விடுங்கள். பின்னால் ஒரு பிளக், மேலே கேபினெட் வேண்டாம். மூடியைத் தூக்கி மாவைத் தள்ளிவிட இடம் வேண்டும். மிக்ஸிக்கும் அப்படித்தான். தினம் இரண்டு தடவை சட்னி அரைக்கும் வீட்டில் மிக்ஸியை உள்ளே பூட்டி வைக்கச் சொல்லும் டிசைனருக்குச் சமையல் தெரியாது.

பாத்திரம் காய வைக்கும் எவர்சில்வர் ஸ்டாண்டும் அதே கதைதான். ஈரத் தட்டுகளை மூடிய ட்ராயரில் கம்பிக் கூடையில் அடுக்கினால் சென்னைப் புழுக்கத்தில் நாற்றம் வரும், பின்னாலேயே கரப்பான் வரும். சிங்க்குக்கு மேல் திறந்த ஸ்டாண்டாக, தண்ணீர் சிங்க்கிலேயே சொட்டும்படி மாட்டினோம். அது நவீனமாக இல்லை என்று சொல்பவர்கள் தங்கள் வீட்டு ட்ராயரை மோந்து பார்க்கட்டும்.

வாஸ்து பார்ப்பவர்கள் தென்கிழக்கு மூலை, கிழக்கு பார்த்த அடுப்பு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். டைல் ஒட்டின பிறகு சொன்னால் எல்லோருக்கும் கஷ்டம்.

இடிப்பது

பரணை எடுக்கும்போது சம்மட்டி வேண்டாம், கட்டர் மெஷின் போதும். பழைய கட்டடங்களில் பரண் கம்பி லிண்டலோடு (ஜன்னலுக்கு மேல் போகும் கான்கிரீட் விட்டம்) சேர்ந்து போயிருக்கும். அடித்து உடைத்தால் ஜன்னல் மேல் விரிசல் விழும். ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடுங்கள். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதை மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்லும் சத்தத்தில் தீர்மானிக்க முடியாது. "ஓப்பன் கிச்சன்" ஆசையில் ஹால் சுவரை எடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

மூன்று பரணில் ஜன்னல் பக்கத்தையும் அடுப்புப் பக்கத்தையும் எடுத்தோம். வாசலுக்கு மேல் இருந்ததை விட்டோம். கொலுப்படியும் சீர்ப் பாத்திரமும் வேறு எங்கே போகும்? ஜாலியை எடுத்துவிட்டு நாலடிக்கு மூன்றடி யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், கொசுவலையோடு. அந்த ஒரு மாற்றத்தில் வந்த வெளிச்சம் எந்த விளக்கிலும் வரவில்லை.

பூச்சைத் தட்டும்போது கூரையையும் பாருங்கள். கம்பி துருப்பிடித்து சிமென்ட் உப்பியிருந்தால் இப்போதே தட்டி எடுத்து, துரு நீக்கி, மருந்து பூசிச் சரிசெய்யுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போலக் கடலோரத்துப் பழைய கட்டடங்களில் உப்புக்காற்று இதைச் சீக்கிரமே செய்துவிடும். மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தால் ஒரு நாள் அது இட்லிப் பானையில் விழும்.

கல்மண்ணைத் தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். மாநகராட்சியின் 1913 என்ற ஃபோன் எண்ணில் கூப்பிட்டு எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். ஆள் வைத்து எடுப்பதானால் எங்கே கொண்டு போகிறார் என்றும் கேளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேர்வது நம் வீட்டுச் செங்கலாக இருக்க வேண்டாம்.

குழாய்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வெட்டிப் பார்த்தோம். முக்கால் அங்குலக் குழாய்க்குள் பென்சில் நுழையும் அளவுதான் துவாரம் மிச்சம் இருந்தது, சுற்றிலும் போர் தண்ணீர் உப்பும் துருவும். மாடியில் தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் நூலாக வந்ததற்குக் காரணம் அது. முழுவதும் எடுத்து, துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டோம்.

சென்னையில் சமையலறைக்குக் குழாய் ஒன்று போதாது. மெட்ரோ தண்ணீருக்கு ஒன்று, போர் தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனி லைன் வேண்டும். குடிக்க, சமைக்க மெட்ரோ, கழுவ போர். லாரித் தண்ணீர் வரும் மாதங்களில் எந்தத் தொட்டியில் எது விடப்படுகிறது என்பதையும் யோசித்து வால்வு வையுங்கள். ஆர்ஓ மெஷினுக்கு உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு பாயின்ட், கழிவுத் தண்ணீருக்கு இன்னொரு பாயின்ட். அந்தக் கழிவை ஒரு வாளிக்குத் திருப்பினால் தரை துடைக்க ஆகும்.

சிங்க் கழிவுக் குழாயை நேராகத் தரைக்குள் இறக்காமல், ட்ராப் (தண்ணீர் நின்று நாற்றத்தை மறிக்கும் வளைவு) வைத்து, கழற்றி அடைப்பு எடுக்கிற மாதிரி வையுங்கள். தரையில் இருக்கும் வடிகாலான நாணி ட்ராப்பை அழகுக்காக மூடிவிட வேண்டாம், ஆனால் அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்த ட்ராப்தான் கரப்பானுக்கு ராஜபாட்டை.

எல்லாம் போட்டு முடித்ததும் பிரஷர் டெஸ்ட். பம்பை மாட்டிக் குழாயில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து, ஒரு இரவு விட்டு, காலையில் மறுபடி பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பூசுவதற்கு முன் கண்டுபிடித்தால் அரை நாள் வேலை, பூசிய பின் என்றால் டைலை உடைக்க வேண்டும்.

இன்னொன்று, காசு செலவில்லாதது: பூச்சு போடும் முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்து, குழாயும் வயரும் எந்த இடத்தில் போகிறது என்று படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

வயர்

இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் ஓடினால் பழைய ஒற்றை லைன் சூடேறும். எங்கள் வீட்டில் ஒரே வயரில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. பிளக்கின் பின்பக்கம் பழுப்பேறி இருந்தது.

இப்போது போட்டது: இண்டக்ஷனுக்கும் ஓவனுக்கும் தனித்தனியாக 16 ஆம்பியர் பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்). ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன். மேடை மேல் மூன்று இடத்தில் 6 ஆம்பியர் பிளக், சிங்க்கிலிருந்து தள்ளி. சிம்னி, ஆர்ஓ, கேபினெட் அடி விளக்கு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பாயின்ட். எல்லாவற்றுக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே அணையும் ஸ்விட்ச்). ஈரக் கையோடு மிக்ஸியைத் தொடும் இடம் இது, இதில் சிக்கனம் கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

வீட்டில் இரண்டு ஏசி இருந்து, இன்னும் சிங்கிள் ஃபேஸில் ஓடுகிறதென்றால், ஈபியில் த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் கொடுப்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

தரையும் சுவரும்

தரைக்கு மேட் ஃபினிஷ் டைல். எண்ணெய்த் துளியும் தண்ணீரும் சேர்ந்தால் பளபளப்பு டைலில் வழுக்கும், அறுபது வயதுக்கு மேல் விழுந்தால் இடுப்பு. இணைப்பில் எபாக்ஸி க்ரௌட் போடுங்கள். சாதா சிமென்ட் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துக் கறுத்துவிடும். டைலுக்கு முன் வாட்டர் ப்ரூஃபிங் செய்து, வாசலில் சின்ன அணை கட்டி, தண்ணீர் தேக்கி ஒரு முழு நாளாவது விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். கரையான் மருந்தும் இந்தக் கட்டத்திலேயே அடித்துவிட வேண்டும்.

சுவரில் பழைய இரண்டடிக் கணக்கை விட்டுவிட்டு, மேடையிலிருந்து மேல் கேபினெட் வரை முழுக்க டைல் ஒட்டுங்கள். பெரிய அளவு, இளநிறம். இணைப்புக் கோடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு துடைப்பதும் குறையும்.

மேடைக் கல்

கருப்பு கிரானைட் ஏன் நம் ஊரில் இத்தனை காலம் ஓடியது? சூட்டைத் தாங்கும், கறை தெரியாது. ஆனால் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும், போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். முழு வெள்ளை குவார்ட்ஸ் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதில் கல் தூளைப் பிடித்துவைத்திருப்பது ரெசின், அடுப்பிலிருந்து இறக்கின வாணலியை நேராக வைத்தால் அந்த இடம் நிறம் மாறிவிடும். மஞ்சள் கறையும் ஒரு கவலை. நடுவழி: இளஞ்சாம்பல் கிரானைட், சீலர் அடித்து. கடையில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, மஞ்சள் தூளும் நல்லெண்ணெயும் குழைத்து ஒரு இரவு பூசி வைத்துப் பாருங்கள். நான் ஐந்து துண்டுக்குப் பூசினேன். இரண்டு மட்டும் தேறின.

பழைய கடப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் மேஸ்திரி அதையே அறுத்து, சிங்க்குக்கு அடியில் இரண்டு பக்கத் தடுப்பாகவும் தட்டாகவும் வைத்துவிட்டார். அந்தப் பகுதியில் மரமே இல்லை, முன்னால் அலுமினிய ஃப்ரேம் கதவு மட்டும். உப்புவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

சிங்க் வாங்கும்போது 304 கிரேடு எவர்சில்வரா என்று கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டுவார், அதை நம்ப வேண்டாம். மலிவான 202-லும் காந்தம் ஒட்டாது. கிரேடை பில்லில் எழுதி வாங்குங்கள். ஆழம் 9, 10 அங்குலம் இருந்தால் பெரிய குண்டான் படுக்கும்.

கேபினெட்: குக்கரில் போட்ட சோதனை

டைலும் கல்லும் முடிந்த பிறகுதான் கேபினெட்டுக்குக் கடைசி அளவு எடுக்க வேண்டும். பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது. எங்களுக்கு ஒரு மூலையில் முக்கால் அங்குலம் வித்தியாசம்.

பலகையில் பல பெயர் சொல்வார்கள். ஐஎஸ் 710 என்ற முத்திரை உள்ளது மரைன் ப்ளைவுட். தர விதிப்படி 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் நிற்க வேண்டும். ஐஎஸ் 303-ல் பிடபிள்யூஆர் என்பது அடுத்த படி, கொதிநீரையும் ஓரளவு தாங்கும். எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும், சமையலறைக்கு ஆகாது. எம்டிஎஃப் என்பது பசையோடு அழுத்திய மரநார், பார்ட்டிகிள் போர்டு அழுத்திய மரத்தூள். ஹெச்டிஹெச்எம்ஆர் என்பதும் அழுத்திய பலகைதான், அவற்றைவிட அடர்த்தியானது.

மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டபோது ஒவ்வொருவரிடமும் அவர்கள் போடப்போகும் ஒவ்வொரு வகைப் பலகையிலும் கையளவு துண்டு கேட்டேன். ஒருவர் தரவில்லை, அவரை அத்தோடு விட்டேன். மற்றவற்றையும், என் பழைய சிங்க் கதவிலிருந்து உடைத்த ஒரு துண்டையும், பழைய குக்கரில் போட்டு மூடாமல் கொதிக்க விட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "குழம்பு எப்போ ஆகும்?" என்றார். அரை மணிக்குள் என் பழைய துண்டு விளிம்பில் பிரிந்து, நனைந்த ரஸ்க் மாதிரி விரலில் ஒட்டியது. ஹெச்டிஹெச்எம்ஆர் விளிம்பு லேசாகத் தடித்தது. மரைன் என்று சொல்லிக் கொடுத்த இரண்டு துண்டில் ஒன்று நாலு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது, இன்னொன்று அடுக்கடுக்காக வாழைப்பட்டை போல விட்டது. இரண்டிலும் ஒரே முத்திரை! அந்தக் குக்கர் இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகிறது.

கடைசியாகப் போட்டது இப்படி: சிங்க் அடியில் கடப்பா, கீழ் கேபினெட் மரைன், மேல் கேபினெட் பிடபிள்யூஆர், கதவுக்கு இளமஞ்சள் கலந்த வெள்ளையில் மேட் லாமினேட். பளபளப்பு வெள்ளை படத்தில் நன்றாக இருக்கும், வீட்டில் ஒவ்வொரு விரலும் பதியும். கைப்பிடி இல்லாத, விளிம்புக் குழியில் விரல் விட்டு இழுக்கும் மாதிரியும் வேண்டாம் என்பேன். அந்தக் குழியில் மாவும் எண்ணெயும் உட்காரும். சாதாரண எவர்சில்வர் கைப்பிடிக்கு என்ன குறை?

கேபினெட் தரையில் உட்காரக் கூடாது. நாலு அங்குலக் கால், முன்னால் கழற்றி மாட்டும் பிவிசி பட்டை. மாதம் ஒரு முறை கழற்றிப் பெருக்கலாம், தண்ணீர் தேங்கினாலும் தெரியும். பலகையின் வெட்டு விளிம்பு எதுவும், முக்கியமாகக் குழாய்க்குத் துளைத்த ஓட்டை, திறந்தபடி இருக்கக் கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ராயர் சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். பருப்பும் அரிசியும் வைக்கும் ட்ராயருக்கு 40, 50 கிலோ தாங்கும் சேனல் வேண்டும்.

கொட்டேஷனைப் படிப்பது

"சதுர அடிக்கு இவ்வளவு" என்பதில்தான் விளையாட்டு. பேச்சுக்குச் சொல்கிறேன்: பத்தடி நீளம், இரண்டரை அடி உயரக் கீழ் கேபினெட். முன்பக்கத்தை மட்டும் அளந்தால் 25 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 என்றால் 37,500 ரூபாய். இன்னொருவர் 400 ரூபாய்தான் என்பார், ஆனால் பக்கப் பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு, பின்பலகை, கதவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அளப்பார். அது 140 சதுர அடி வரும், 56,000 ரூபாய். எனவே விலையைக் கேட்காதீர்கள், எப்படி அளக்கிறீர்கள் என்று கேளுங்கள். கீல், சேனல், கைப்பிடி, மாட்டும் கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதும் எழுத்தில் வேண்டும். பலகை முத்திரையும் லாமினேட் நம்பரும் கீல் கம்பெனிப் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசி பத்து சதவீதத்தை வேலை முடிந்து ஒரு மாதம் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ், சிம்னி

சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தங்கும். சிலிண்டரைக் கேபினெட்டுக்குள் வைப்பதானால் அந்தக் கதவின் அடிப்பக்கம் காற்றுத் துவாரம் இருந்தே ஆக வேண்டும். பின்பக்க சர்வீஸ் ஏரியாவில் வைத்தால் சுவர் வழியாகச் செம்புக் குழாய் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வால்வு. ரப்பர் குழாயைச் சுவருக்குள்ளோ பலகைக்குள்ளோ நுழைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் போகவும் கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

மிளகாய் தாளித்தால் பக்கத்து வீடே தும்மும் சமையல் நம்முடையது. புகையை வெளியே தள்ளும் குழாய் உள்ள சிம்னிதான் சரி. உள்ளேயே வடிகட்டித் திருப்பிவிடும் வகை காரநெடிக்குப் போதாது. அடுப்புக்கும் சிம்னிக்கும் 26 முதல் 30 அங்குலம். குழாய் ஆறு அங்குலம், வளைவு எத்தனை குறைவோ அத்தனை நல்லது. சிம்னி வைக்க இடமில்லாவிட்டால் ஜன்னலுக்கு மேல் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், மனதைத் தளர விட வேண்டாம்.

விளக்கு

நடுக்கூரையில் ஒரு விளக்கு இருந்தால், நாம் மேடை முன் நிற்கும்போது நம் நிழலே காயில் விழும். மேல் கேபினெட்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை மாட்டுங்கள், மூடியுள்ள அலுமினியச் சட்டத்தில். வெறும் பட்டை ஆறு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் மங்கும். நிறம் 4000 கெல்வின். 6500 போட்டால் கீரை நீலம் பூத்துத் தெரியும், 3000 போட்டால் ஓட்டல் மாதிரி இருக்கும், சாம்பார் நிறம் ஏமாற்றும்.

வேலை முடிந்ததும்

எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு பாரம் ஏறிக் கதவுகள் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கும். கீலில் இருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்ய ஆள் வர வேண்டும். அதற்குத்தான் அந்தப் பத்து சதவீதம். எங்களுக்கு இருபத்தி மூன்றாம் நாள் கார்னர் கதவு உரசியது, மறுநாளே வந்தார்கள்.

முதல் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை சிங்க்குக் கதவைத் திறந்து, உள்ளே கை விட்டு, கழிவுக் குழாய் இணைப்பையும் பின்சுவரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் புறங்கைக்குத் தெரியும். அம்மா இப்போது அந்தக் கதவை மூடுவதே இல்லை. "காத்தாடட்டும்" என்று ஒரு தேங்காயை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்.